கோடிக்கரை: கானும் கடலும் குழகர் வாழும் பதியும்

ஆடி, தை அமாவாசை நாள்களில் திருமறைக்காட்டுச் சன்னிதிக் கடலில் நீராட வரும் அன்பர் கூட்டம் ஆண்டுதோறும் பெருகி வருகின்றது. கடலாடி, மறைக்காட்டு மணாளரையும் யாழைப்பழித்த மொழியம்மையையும் வணங்கியபின், அவருள் பெரும்பாலோர் ஒரு பேருந்தோ சிற்றுந்தோ ஏறிக் கோடிக்கரைக்கு விரைகின்றனர். அங்கும் ஒரு முழுக்கு. குழகர் சன்னிதியில் ஒரு கற்பூரம். நண்பகல் உணவுக்குள் திரும்பி விடுகின்றனர். 'கோடிக்கரை பார்த்து விட்டோம்' என்பர். கோடிக்கரையில் அவர்கள் பார்த்தது யாது என்று வினவினால் விடை கிடைப்பதரிது.

கோடிக்கரை நடந்து காண வேண்டிய ஊர். அங்ஙனம் நடந்து கண்டோர் வரிசையில் தலையாயவர் நம் சுந்தரமூர்த்தி நாயனார். சேரமான் பெருமாள் நாயனாரோடு திருவாரூரினின்றும் புறப்பட்டு, நாகைக் காரோணம் பணிந்து, திருமறைக்காடு தொழுது, அகத்தியான்பள்ளி வழியே கோடிக்கரை அடைந்து, பின்னர்ப் பாண்டிநாடு புகுந்தார் என்பது கழறிற்றறிவார் புராணத்தால் அறியப்படும். மறைக்காட்டிலிருந்து கோடிக்கரை வரை ஏறத்தாழ 10 கிலோமீட்டர். இவ்வழியை இக்காலத்தில் குழந்தைகளோடும் முதியோரோடும் எவ்வாறு நடந்து காணலாம், காணுமிடத்து நம் பழைய வரலாறு எங்ஙனம் விளங்கும் என்பதையே ஈண்டு எழுத விழைகின்றோம்.

முதற்கண் நிலத்தின் அமைப்பை அறிதல் வேண்டும். சென்னையிலிருந்து தெற்கே நேராக ஓடிவரும் சோழமண்டலக் கடற்கரை, கோடிக்கரையில் சட்டென்று மேற்கே திரும்புகின்றது. கிழக்கே வங்கக் கடல். தெற்கே பாக்கு நீரிணை. நீரிணைக்கு அப்பால் ஏறத்தாழ 50, 60 கிலோமீட்டர் தொலைவில் யாழ்ப்பாணத்து வடகரை உள்ளது. இவ்வண்மை காரணமாகவே மறைக்காட்டுத் திருக்கோயிலுக்கும் யாழ்ப்பாணத்து வரணியாருக்கும் நெடுங்காலத் தொடர்பு உண்டாயிற்று. 'கோடி' என்னும் சொல்லை நூறு இலக்கம் என்று கொண்டு, ஈண்டு ஒருமுறை நீராடினால் கோடிமுறை நீராடிய பயன் என்று உரைப்பாருளர். பக்தி மேலீட்டால் வந்த உரை என்று அதனை ஏற்கலாம். ஆயினும் கோடி என்பதற்கு முனை, கடை என்பதே பழம்பொருள். தனுக்கோடி என்பதிலும் அப்பொருளே பயில்கின்றது. நிலம் முடியும் இடம் ஆதலின் கோடிக்கரை ஆயிற்று. கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் தாலமி என்னும் யவன நிலநூலார் குறித்த 'கல்லிகிகோன்' என்னும் முனை இதுவே என்று ஆய்வாளர் பலர் கொள்வர். ஆங்கிலேயர் வழங்கிய 'காலிமர் முனை' என்னும் பெயர், அருகிலுள்ள கள்ளிமேடு என்னும் ஊர்ப்பெயரின் சிதைவு என்பதும் ஒரு கருத்து.

இனி நடையைத் தொடங்குவோம்.

திருமறைக்காட்டுக் கோயிலில் மறைகள் அடைத்த கதவை அப்பரடிகள் பாடித் திறந்ததும், ஞானசம்பந்தப் பிள்ளையார் பாடி அடைத்ததும் அன்பர் அனைவரும் அறிந்த வரலாறு. ஈண்டு விரிக்க வேண்டுவதில்லை. எழுவிடங்கத் தலங்களுள் இஃது ஒன்று என்பதும், ஈண்டுள்ள தியாகேசர் புவனி விடங்கர் என்பதும் அவ்வாறே. குழந்தைகளுக்கு நாம் சொல்ல வேண்டியது எலியின் கதை. அணையும் நிலையில் இருந்த கோயில் விளக்கின் திரியை, நெய்யுண்ண வந்த எலியொன்று அறியாது தூண்டிவிட, அப்புண்ணியத்தால் அது மாவலி மன்னனாய்ப் பிறந்தது என்பது இத்தலத்துக் கதை. அப்பரடிகளும் இதனைப் பாடியுள்ளார். 'வேதாரணியம் விளக்கழகு' என்னும் பழமொழியும் உண்டு. சோழர் காலத்தில் நுந்தா விளக்கு ஒன்று எரிக்க 90 ஆடுகள் கொடுத்தல் வழக்கம் என்பதும், அவற்றைச் 'சாவா மூவாப் பேராடு' என்று கல்வெட்டுகள் குறிப்பதும் சுவையான செய்திகள். இறக்கும் ஆட்டுக்கு ஈடாகக் குட்டிகள் வளர்ந்து, எண்ணிக்கை என்றும் குறையாதிருத்தலின் அவை சாவாதவை, மூவாதவை. பத்து வயதுச் சிறுவன் இதனைக் கேட்டால் வியந்து கணக்குப் போடுகின்றான்! இவ்விளக்கை நினைவில் வைத்துக் கொள்க. நடையின் முடிவில் வேறொரு விளக்கு வரவிருக்கின்றது.

மறைக்காட்டிலிருந்து தெற்கே சிறிது தூரத்தில் அகத்தியான்பள்ளி. சம்பந்தர் பாடல் பெற்ற தலம். இறைவன் திருமணக் கோலத்தை அகத்தியர் ஈண்டுக் கண்டார் என்பர். கோயில் சிறியது, நிழல் நன்று. முதியோர் இங்கே சற்றே இளைப்பாறலாம். திருத்துறைப்பூண்டியிலிருந்து வரும் இருப்புப் பாதை ஒரு காலத்தில் கோடிக்கரை வரையில் சென்றது. இன்று அகத்தியான்பள்ளியோடு நின்று விடுகின்றது. அகலப் பாதையாக்கப்பெற்ற இத்தடத்தில் 2023-ஆம் ஆண்டு ஏப்பிரல் திங்களில் மீண்டும் தொடர்வண்டி ஓடத் தொடங்கியது. தொலைவிலிருந்து வரும் குடும்பத்தார்க்கு இது பேருதவி.

அகத்தியான்பள்ளியைக் கடந்ததும் இருமருங்கும் உப்பளங்கள். பாத்தி கட்டிக் கடல்நீர் பாய்ச்சி, வெயிலில் வற்றவைத்து, பலகையால் வாரிக் குவிக்கின்றனர். வெண்குவியல்கள் தொலைவில் கோபுரங்கள் போலத் தோன்றும். தமிழகத்தில் தூத்துக்குடிக்கு அடுத்து உப்பு மிகுதியும் விளைவது இங்கேதான். உச்சி வேளையில் இவ்வெண்மை கண்ணைக் கூசச்செய்யும். ஆதலின் காலை எட்டு மணிக்குள் இப்பகுதியைக் கடந்துவிடல் நன்று.

இவ்வுப்பளத்தில் நிகழ்ந்தது அண்மைக் கால வரலாறு. 1930-ஆம் ஆண்டு ஏப்பிரல் 13-ஆம் நாள் திருச்சிராப்பள்ளியில் மருத்துவர் தி.சே.சௌ. இராசன் அவர்கள் இல்லத்திலிருந்து இராசாசி தலைமையில் தொண்டர் படை புறப்பட்டது. ஏப்பிரல் 28-ஆம் நாள் வேதாரணியம் சேர்ந்து, 30-ஆம் நாள் உப்பெடுத்தனர், இராசாசி சிறைப்பட்டார். தொண்டர்க்கு உணவும் உறையுளும் அளிப்போர் தண்டிக்கப்படுவர் என்று தஞ்சை மாவட்ட ஆட்சியர் தார்ன் என்பார் ஆணையிட்டிருந்தார். ஆணையை மீறாமலும் தொண்டரைப் பட்டினியிடாமலும் இருக்க மக்கள் கண்ட வழி யாது? வழியோர மரக்கிளைகளில் சோற்றுப் பொட்டலங்களைக் கட்டித் தொங்கவிட்டனர். கொடுத்தவர் பெயரில்லை, எடுத்தவர் பசி தீர்ந்தது. வேதாரணியத்தில் இப்போருக்குத் தூணாய் நின்றவர் சர்தார் வேதரத்தினம் பிள்ளை. காவலர் ஒருவருக்கு முகம் மழிக்கத் தொடங்கி, அவர் காவலர் என்று அறிந்ததும் பாதியில் நிறுத்திவிட்ட வைரப்பன் என்னும் தொழிலாளியின் பெயரையும் ஊரார் மறக்கவில்லை. அகத்தியான்பள்ளியில் உப்பு அறப்போர் நினைவுத் தூண் இருக்கின்றது. குழந்தைகளை அதனருகே நிறுத்திக் கதையைச் சொல்லுங்கள்; பாதி மழித்த முகத்தை அவர்கள் நெடுநாள் மறக்க மாட்டார்கள்.

உப்பளம் முடிய, காடு தொடங்குகின்றது. கோடியக்காடு என்பது அதன் பெயர். மறைக்காடு என்னும் பெயரிலும் காடு உண்டு. ஆயினும் மறைக்காட்டில் இன்று ஊரே உண்டு, காடில்லை. கோடியக்காட்டில்தான் பெயரும் பொருளும் ஒன்றாக நிற்கின்றன. ஈண்டு நாம் சற்றே நின்று, சுந்தரர் திருப்பதிகத்தை ஒரு வரலாற்று ஆவணமாகப் படித்துப் பார்த்தல் வேண்டும்.

சுந்தரர் கோடிக்கரையில் பாடிய பதிகம் பிற தலப் பதிகங்கள் போன்றதன்று. பிற தலங்களில் வயல்வளமும் மாடமாளிகையும் பேசுவார், பொன் வேண்டுவார், ஊடுவார். ஈண்டோ ஒரு வீட்டார் தம் உறவினர் தனித்து வாழ்தலைக் கண்டு பதறுமாப்போலப் பதறுகின்றார். கடற்காற்று கடிதாய் வந்து மோதுகின்றதே, குடிகளுக்கு அருகே இருந்தால் குற்றமாமோ, உமக்கு இங்கே துணை யார் என்று வினவுகின்றார். மரப்பொந்தில் ஆந்தையும் கூகையும் அலற, அம்மை அஞ்சுகின்றாளே என்கின்றார். சுற்றிலும் உள்ள வேடர் நல்லவரல்லரே என்றும் கவல்கின்றார். இக்காட்சியைக் கண்டமையின் தம் கண்களையே கொடியன என்று நொந்து கொள்கின்றார். தோழர் என்னும் உரிமையின் உச்சநிலை இது. இறைவன் தன்னைக் காக்க வேண்டும் என்று வேண்டாது, இறைவனைக் காப்பார் யார் என்று கவலையுறும் உள்ளம் யார்க்கு வாய்க்கும்!

அன்பின் திறம் அவ்வாறாக, அப்பாடலில் உள்ள செய்திகளை எடுத்து நோக்குக. சுந்தரர் கி.பி. 8-ஆம் நூற்றாண்டினர் என்பது ஆய்வாளர் பலருக்கும் உடன்பாடு. ஆகவே, 1200 ஆண்டுகட்கு முன்னர் இம்முனையில் அடர்ந்த காடு இருந்தது; முதுமரங்கள் இருந்தன, பொந்துகள் முதுமரத்தில் அன்றோ உண்டாகும்; வேட்டுவர் வாழ்ந்தனர்; கோயிலை அடுத்துக் குடியிருப்பு இல்லை. இத்தனை செய்திகளையும் நாயனார் கண்ணீரினூடே நமக்கு எழுதி வைத்துப் போயிருக்கின்றார். மன்னர் மெய்க்கீர்த்தியில் காடு, கூகை, காற்று முதலியன இடம்பெறா. ஒரு காட்டின் தொன்மைக்கு இத்துணைத் தெளிவான சான்று கிடைத்தல் அருமை.

காட்டின் இயல்பு பற்றிச் சில சொல்வோம். இதனை உலர் பசுமைமாறாக் காடு என்பர். மழையோ ஆண்டில் மூன்று திங்களே, ஐப்பசி முதல் மார்கழி வரை. மற்றை நாளெல்லாம் வெயிலும் உவர்க்காற்றும். அவ்வாறிருந்தும் இலையுதிராத மரங்கள் இங்கே நிற்கின்றன. கிளைகள் ஓங்கி வளராது, காற்றுக்குத் தலைசாய்த்தாற்போல் படர்ந்திருக்கும். மிகுந்திருப்பது பாலை மரம். பருவத்தில் அதன் மஞ்சட்கனி தித்திக்கும், தின்றபின் பால் உதட்டில் ஒட்டும். பாலை என்றவுடன் வறண்ட நிலத்தையே நினைக்கும் நம் மாணவர்க்கு, அது குளிர்நிழல் தரும் ஒரு மரத்தின் பெயரும் ஆகும் என்பதை இங்கே கண்ணால் காட்டலாம்.

1967-ஆம் ஆண்டு இக்காடு விலங்குகளின் புகலிடமாக அறிவிக்கப்பெற்றது. அதற்குத் தலையாய காரணம் வெளிமான். ஆண்மான் முதுகு கரியது, வயிறு வெளியது, கொம்பு முறுக்குடையது. பிணை மஞ்சள் கலந்த பழுப்பு, கொம்பில்லை. அடர்காட்டினுள் இவ்வினம் வாழாது. காட்டை அடுத்த புல்வெளியில் கூட்டமாக மேயும். காலை ஆறு மணி முதல் எட்டு வரையிலும், மாலை வெயில் தாழ்ந்த பின்னும் காணலாம். துள்ளி ஓடுங்கால் நான்கு காலும் ஒருங்கே நிலம் விட்டு எழும். அந்த ஒரு காட்சிக்காகவே குழந்தைகளை விடியலில் எழுப்பலாம். முனிவர் ஆசனமாகக் கொண்ட கருமான் தோல் இவ்வினத்தினதே. எம்பெருமான் திருக்கரத்தில் ஏந்திய மான் இதுவோ என்று பிள்ளைகள் வினவுவர். வினவட்டும். கோயிலில் சோமாக்கந்தர் திருமேனியைக் கண்டபின் புல்வெளியையும் கண்டால், சிற்பி எதனை நோக்கி அம்மானை வடித்தான் என்பதை அவர்களே ஆராய்வார்கள்.

புள்ளிமான், காட்டுப்பன்றி, நரி முதலியனவும் உண்டு. யார்க்கும் உரிமையில்லாத மட்டக்குதிரைகள் சேற்றுநிலத்தில் திரிகின்றன. வளர்த்தோர் கைவிட்டவற்றின் வழி வந்தவை என்பர். அவை வெளிமானுக்குரிய புல்லை மேய்ந்து விடுகின்றன என்று விலங்கியலார் சிலர் குறைகூறுவர். குதிரையைக் கண்ட குழந்தைகளிடம் இவ்வழக்கை எடுத்துரைப்பது எளிதன்று! குரங்குகளைப் பற்றி எச்சரிக்கை தேவை. சுந்தரர் மறைக்காட்டைப் பாடுங்கால், தாழைப் புதரினூடே நுழைந்து சென்று வாழைக்கனி கவர்ந்துண்ணும் குரங்கைக் காட்டுவார். அக்குரங்கின் வழித்தோன்றல்கள் இன்றும் அத்தொழிலை மறக்கவில்லை. அர்ச்சனைத் தட்டில் உள்ள பழத்தை மூடி எடுத்துச் செல்க. இரக்கத்தால் தீனி இடுதலும் தகாது; தீனி கண்ட குரங்கு காட்டை மறந்து, சாலையோரத்தில் ஊர்தியில் அடிபட்டு மடிகின்றது.

காட்டினுட் புகுவதற்கு வனத்துறையாரின் அனுமதி பெறல் வேண்டும். உள்ளே கடையில்லை, குடிநீரைக் கையோடு கொண்டு செல்க. வழியை விட்டுச் சேற்றுநிலத்தில் இறங்கற்க. மேலே காய்ந்து வெடித்துத் தோன்றினும் அடியில் குழைந்திருக்கும் இடங்கள் உண்டு. கல்கி தம் 'பொன்னியின் செல்வன்' புதினத்தில் கோடிக்கரைப் புதைசேற்றையும், அதனூடே வழியறிந்து திரியும் பூங்குழலி என்னும் ஓடக்காரப் பெண்ணையும் படைத்துக் காட்டியிருப்பதை அன்பர் பலர் படித்திருப்பர். பூங்குழலி கற்பனைப் படைப்பு, சேறு கற்பனையன்று.

காட்டினூடே ஒரு மணல்மேடு. அதன்மேல் இராமர் பாதம். இலங்கையை இங்கு நின்றே இராமன் நோக்கினான் என்பது ஊரார் நம்பிக்கை. ஆதிசேது என்னும் பெயரும் இதனை ஒட்டியதே. இம்மேட்டின் உயரம் ஏறத்தாழ 4 மீட்டர். நான்கு மீட்டர் ஒரு குன்றாகுமா என்று நகைக்கலாம். ஆனால் இப்பெருங்காட்டில் இதனினும் உயர்ந்த நிலம் இல்லை. கைக்குழந்தையும் தாத்தாவின் கைபிடித்து ஏறிவிடலாம் என்பதும் இதன் தனிச்சிறப்பு. மேலே நின்று நோக்கினால் ஒருபுறம் காட்டின் பசுந்தலைகள், ஒருபுறம் வெளிறிய சதுப்பு, தொலைவில் கடல் என்று நிலத்தின் படம் முழுதும் விரிந்து கிடக்கின்றது. நாம் சென்ற ஒருமுறை, உடன்வந்த சிறுமி ஒருத்தி நெடுநேரம் தென்திசையையே நோக்கியிருந்து, 'இலங்கை தெரியவில்லையே' என்று மனம் வருந்தினாள். இராமனுக்குத் தெரிந்தது என்று தேற்றினோம். அவள் தேறியதாகத் தோன்றவில்லை.

குழகர் திருக்கோயில் கோடியக்காட்டில் உள்ளது. குழகர் என்றால் இளமையும் அழகும் உடையவர். அம்மை மைத்தடங்கண்ணி. தேவர்க்குரிய அமுதம் ஈண்டுச் சிதற, அதுவே இலிங்கமாயிற்று என்பது தலவரலாறு. அதனால் அமுதகடேசர் என்றும் திருப்பெயர். முருகப் பெருமானும் ஈண்டு அமுதகலசம் ஏந்திய கோலத்தில் எழுந்தருளியுள்ளார். பெருங்கோபுரமும் நெடும்பிராகாரமும் தேடி வருவோர் ஏமாறுவர். சுந்தரர் கண்டு உருகியது கட்டடத்தையன்று, தனிமையை. அத்தனிமையை நாமும் உணர வேண்டுமாயின் அமாவாசை அல்லாத ஒரு நாளில் வருதல் வேண்டும். கூட்டம் இல்லாத காலைப் போதில், பூசை மணி நின்றபின், காற்று மரங்களில் வீசும் ஓசை மட்டும் கேட்கும். பதிகத்தை அப்பொழுது வாய்விட்டு ஓதிப் பாருங்கள்.

கோயிலிலிருந்து தெற்கே சாலை கடலை நோக்கிச் செல்கின்றது. கோடிக்கரை மீனவச் சிற்றூர். பருவகாலத்தில் பிற ஊர் மீனவரும் வந்து குடில் அமைத்துத் தங்கி மீன்பிடிப்பர். கருவாடு உலரும் மணம் ஊர் எல்லையிலேயே வரவேற்கும். சிலர்க்கு அது பிடியாது. வலை பின்னும் முதியவரிடம் காற்றின் பெயர்களைக் கேட்டறிக: வாடை, கொண்டல், கச்சான், சோழகம். சங்க நூல்களிலும் பழம்பனுவல்களிலும் ஏட்டுச் சொற்களாய் நாம் கற்றவை அவர்தம் நாவில் அன்றாடப் புழக்கத்தில் உள்ளன.

கடலோரத்தில் நெடுங்காலம் நின்றது பழைய கலங்கரை விளக்கம் ஒன்று. செங்கல்லும் சுண்ணமும் கொண்டு எழுப்பப்பெற்றது. சோழர் கட்டியது என்று மக்கள் வழிவழியாகக் கூறி வந்தனர். 2004-ஆம் ஆண்டு திசம்பர் 26-ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலையில் அது சாய்ந்தது. இன்று காண்பன சிதைவுகளே. ஆங்கிலேயர் 1902-இல் அமைத்த கலங்கரை விளக்கமும், பிற்காலத்தில் எழுந்த உயரிய விளக்கமும் தனியே உள்ளன.

இவ்விடத்து ஓர் ஐயம் எழும். சோழர் கலங்கரை விளக்கம் எழுப்பும் அளவுக்குக் கோடிக்கரை சிறந்த துறையாயின், சுந்தரர் துணையின்மை பற்றிப் புலம்பியது எவ்வாறு? சுந்தரர் காலத்துக்குப் பின்னர் இங்கே துறைமுக நகரம் ஒன்று எழுந்து மறைந்ததோ என்று கருதுவார் உளர். நமக்கு அவ்வாறு தோன்றவில்லை. துறைமுகத்தைக் காட்டுதற்கு மட்டுமா விளக்கு? மனித நடமாட்டம் இல்லாத முனையில்தான் மாலுமிக்கு விளக்கு இன்றியமையாதது. சோழரின் பெருந்துறை நாகப்பட்டினம். கடல்கடந்த கிடார மன்னன் அங்கே புத்த விகாரம் எடுக்கவும், முதல் இராசராசன் அதற்கு ஆனைமங்கலம் என்னும் ஊரைக் கொடுக்கவும் தக்க அளவு அயல்நாட்டுத் தொடர்புடையது அப்பட்டினம். அங்கிருந்து தெற்கே செல்லும் கலமெல்லாம் இம்முனையைச் சுற்றியே திரும்புதல் வேண்டும். கரை திடீரென்று மேற்கே மடங்கும் இடம். ஆழம் குறைந்த கடல். இரவில் காடு மட்டும் கரும்பிழம்பாய்த் தோன்றும். இங்கே ஒரு சுடர் வேண்டும். ஆகவே விளக்கும் தனிமையும் ஒன்றோடொன்று முரணுவன அல்ல. கோயில் தனித்திருந்தமையும் விளக்கு தனித்து நின்றமையும் ஒரே காரணத்தால் ஆயின. மறைக்காட்டில் எலி தூண்டிய விளக்கு அடியார்க்கு. கோடிக்கரையில் யாரோ ஒரு காவலன் தூண்டிய விளக்கு கடலோடிக்கு. அக்காவலனுக்குத் துணையாக இருந்தவர் குழகர்.

ஐப்பசிக்குப் பின் இங்கு வருவோர்க்குப் பறவைகள் விருந்து. அடப்பாறு, அரிச்சந்திர நதி, முள்ளியாறு ஆகிய காவிரிக் கிளைகள் கொணரும் மழைநீரால் வேதாரணியப் பெருஞ்சதுப்பு நிறைந்து, உவர்நீரும் நன்னீரும் கலக்கும். அப்போது பூநாரைகள் இளஞ்சிவப்புப் பட்டு விரித்தாற்போல் நிற்கும். கட்சுப் பகுதியின் உவர்நிலத்தில் கூடுகட்டும் இனம் இது. உள்ளான் என்னும் சிறு பறவை, சைபீரியத்தின் வடகோடியில் குஞ்சு பொரித்து, பனிக்கு அஞ்சி இத்தென்கோடி வரை வருகின்றது. எடையோ ஒரு கைப்பிடி பொரிக்குச் சற்று மிகும். பறவையியலறிஞர் சாலிம் அலியும் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தாரும் பறவைகளின் காலில் வளையமிட்டு, அவற்றின் வழிகளை ஆராய்ந்த இடம் கோடிக்கரை. 2002-ஆம் ஆண்டு இச்சதுப்பு உலகச் சிறப்புடைய ஈரநிலமாக இராம்சார் உடன்படிக்கையின்கீழ் அறிவிக்கப்பெற்றது. நாம் தலப்பயணம் வருவதற்கு நெடுங்காலம் முன்னரே இப்பறவைகள் வரத் தொடங்கி விட்டன என்பதை நினைத்தல் வேண்டும்.

2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் விடியுமுன் 'கசா' புயல் இக்கரையில் மோதியது. காட்டின் மரங்கள் எண்ணிறந்தன வேரோடும் கிளை முறிந்தும் வீழ்ந்தன, மான்கள் மடிந்தன. சில ஆண்டுகளாகத் தழைத்து வரினும் வடு முற்றும் மாறவில்லை. வீழ்ந்த மரத்தின் இடத்தில் பாலை முளைக்குமுன் சீமைக்கருவேல் முளைக்கின்றது. அது புல்வெளியிலும் பரவி வெளிமானின் மேய்ச்சல் நிலத்தைச் சுருக்குகின்றது. புயலை நாம் தடுக்க இயலாது; கருவேலைக் களைதல் வனத்துறையார் கடன். நம் கடன் என்று ஒன்றுண்டு, அதைக் கூறாது விடுதல் இவ்விழா மேடைக்கு அழகன்று. அமாவாசைக்கு மறுநாள் கோடிக்கரைக் கடலோரத்தில் நடந்து பார்த்தவர் அறிவர்: நீராடியோர் கழித்தெறிந்த துணிகள், நெகிழிப் பைகள், எண்ணெய்ப் புட்டிகள், பிண்டம் வைத்த தட்டுகள். மணலில் புதைந்தவை போக, மற்றவை கடலுக்கும் மானின் வயிற்றுக்கும் போகின்றன. முன்னோர்க்குக் கடன் கழிக்க வந்து, பின்னோர்க்குக் கடன் வைத்துப் போகின்றோம்! பழந்துணியைக் கடலில் விட்டால் பாவம் போகும் என்று நம் சைவ நூல்களில் யாண்டும் இல்லை. சுந்தரர் 'குடிகளுக்கு அருகே இருக்கலாகாதோ' என்று குழகரை வினவினார். குடிகளாகிய நாம் அருகே வந்துவிட்டோம். நம் வரவை அறிந்திருந்தால் நாயனார் அவ்வாறு வினவியிருப்பாரோ என்பது நமக்கு ஐயமே.

ஆதலின் குடும்பத்தோடு வருவோர் ஒரு பை கூடுதலாகக் கொண்டு வருக. கொண்டு வந்ததைக் கொண்டே போகலாம். குழந்தைகள் இதனைப் பெரியவரினும் விரைவில் கற்றுக்கொள்கின்றனர். சில வேளைகளில் பெரியவர் எறிந்ததை எடுத்து வந்து கையில் கொடுத்தும் விடுகின்றனர்.

நடையை ஒரே நாளில் முடிக்க வேண்டுவதில்லை. முதல் நாள் காலை மறைக்காட்டிலிருந்து அகத்தியான்பள்ளியும் உப்பளமும். மாலை மறைக்காட்டுக் கோயில் பூசை. மறுநாள் விடியலில் பேருந்தில் கோடியக்காடு சென்று, காட்டுவழியும் இராமர் பாதமும் குழகர் சன்னிதியும். வெயில் ஏறியபின் கோயில் நிழலில் கட்டுச்சோறு. வெயில் தாழ்ந்ததும் சிற்றூரும் கடலோரமும். நடக்க இயலாத முதியோர் கோயிலிலேயே தங்கித் தேவாரம் ஓதியிருக்க, இளையோர் காடு சுற்றி வரலாம். மாலையில் கடலோரத்தில் இருட்டும் வரை இருப்பதாயின் மீள்வதற்கான பேருந்து நேரத்தை முன்னரே கேட்டு வைத்துக் கொள்க. கலங்கரை விளக்கம் ஏற்றப்பெற்றபின், அதன் ஒளி காட்டின் தலைமேலும் கடல்மேலும் மாறிமாறிச் சுழல்வதைக் கண்ட பிள்ளைகள் எளிதில் எழுந்து வர இசையமாட்டார்கள்.